மூன்றாவது பதிவு

வெள்ளிக்கிழமை காலை 5.20க்கு எடிசனிலிருந்து புறப்பட்டோம். நவம்பர் பாதி. கார்க் கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டி எடுக்கவே பத்து நிமிடம் ஆயிற்று. நூவர்க் விமான நிலையம் எங்கள் வீட்டிலிருந்து இருபத்தொரு மைல். என் மனைவி சுகந்தி பக்கத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அவள் மருத்துவர். ஆறு நாள் தொடர்ந்து வேலை பார்த்த களைப்பு.

என் தோள்பையில் ஒரு காகித உறை இருந்தது. உள்ளே ஒரே ஒரு பக்கத்தின் நகல். அதைக் கிழக்கு டெக்சாஸில் பெல் கிராஸிங் என்ற சிற்றூரில் இருக்கும் வில்மா என்ற எண்பத்தெட்டு வயதுப் பெண்மணியிடம் கொடுக்கப் போகிறேன் என்று சுகந்தியிடம் சொல்லியிருந்தேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைச் சொல்லவில்லை.

நான் வேலை பார்ப்பது தெற்கு நியூ ஜெர்சியில் உள்ள ஓர் ஒலி ஆவணக் காப்பகத்துக்காக. மூடிப்போன ஓர் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றுகிறோம். எந்த நாளில் யார் வந்து பாடினார்கள், எத்தனை முறை பாடினார்கள், எது தட்டாக வெளிவந்தது என்று அந்தக் காலத்து எழுத்தர் ஒருவர் அழகான சாய்வெழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

வில்மாவின் அம்மா லோட்டி அங்கே வந்து பாடியவர். அப்பா ஆர்வின் பிடில் வாசித்தவர். கன்ட்ரி இசை என்று அமெரிக்கர்கள் இன்று கொண்டாடும் இசை தட்டுகளில் ஏறத் தொடங்கிய காலம் அது. தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. அவர்கள் பாடியது பாலத்தைத் தாண்ட மறுக்கும் ஒரு கோவேறு கழுதையைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு. கழுதை நடுப்பாலத்தில் நின்றுவிடும் இடத்தில் பிடிலும் சட்டென்று நின்றுவிடும். ஒரு நொடி ஒன்றும் கேட்காது. பிறகு லோட்டி சிரிப்பார். அடக்க முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பால்தான் பாட்டு பேர் வாங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் அதைப் பாடிவிட்டார்கள். எல்லோரும் அந்த ஒரு நொடி இடைவெளியை அப்படியே வைத்திருக்கிறார்கள். வேடிக்கைப் பாட்டில் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அதைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள்.

அவர்கள் தங்கள் இரண்டு வயது மகனை லோட்டியின் தங்கையிடம் விட்டுவிட்டு, மூன்று பகல் ரயிலில் உட்கார்ந்து நியூ ஜெர்சிக்கு வந்தார்கள். பாட்டுப் பதிவான அன்றைக்கு ஊரில் குழந்தை தொண்டை அடைப்பான் நோயால் இறந்துபோனது. தந்தி கொடுத்தார்கள். அவர்கள் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. தட்டு வெளிவந்ததும் ஊர் பேச ஆரம்பித்தது: பிள்ளை செத்த சேதி தெரிந்தும் இவள் சிரித்துப் பாடியிருக்கிறாள்.

வில்மா அதற்குப் பல ஆண்டுகள் கழித்துப் பிறந்த மகள். காப்பகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான். தந்தி வந்தது பாட்டுக்கு முன்பா, பின்பா? தனக்குப் பிறகுதான் தெரியும் என்று அம்மா சாகும்வரை சொன்னாள், ஒருவரும் நம்பவில்லை என்று எழுதியிருந்தார். கடைசி வரியில், எனக்குக் கண் சரியாகத் தெரியாது, யாராவது படித்துச் சொன்னால் நல்லது என்று இருந்தது. மேலாளர் தபாலில் அனுப்பச் சொன்னார். நான் நேரில் கொண்டுபோகிறேன் என்றேன்.

விமானம் 7.40க்கு. ஒருவருக்குப் போகவர 214 டாலர். நாலு மணி நேரப் பயணம். டல்லாஸில் இறங்கியபோது அங்கே மணி பத்தே முக்கால். நூவர்க்கில் உடம்பைக் குத்திய குளிர் இங்கே இல்லை. வானம் மட்டும் அதே சாம்பல் நிறம்.

இர்விங்கில் என் கல்லூரி நண்பன் பாலாஜி வீட்டில் தங்கினோம். பையைப் பார்த்ததுமே கேட்டான்.

"என்னடா, ஒரே ஒரு பேப்பருக்காகவா ஃபிளைட் பிடிச்சு வந்திருக்க? ஈமெயில் பண்ணா முடிஞ்சு போயிருக்கும்ல?"

"அந்த அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுடா. படிச்சுக் காட்டணும்."

"அப்ப போன்ல படிச்சுக் காட்டு."

அவனுடைய எட்டு வயது மகள் அந்தப் பாட்டைக் கேட்க வேண்டும் என்றாள். போனில் போட்டேன். சிரிப்பு வரும் இடத்தில் அவளும் சிரித்துவிட்டு, "அகெய்ன், அங்கிள்!" என்றாள். மூன்று முறை போட்டேன். சுகந்தி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். நாளுக்கு 58 டாலர். பெல் கிராஸிங் 131 மைல். டல்லாஸின் மேம்பாலங்களைத் தாண்டி இருபதாம் எண் ஃப்ரீவேயில் கிழக்கே திரும்பினால் அப்புறம் நேர் சாலைதான். இரு பக்கமும் காய்ந்த புல்வெளி, வழக்கறிஞர்களின் விளம்பரப் பலகைகள், மாடு நிற்கும் வேலிகள். டைலர் நகரம் நெருங்க நெருங்க மண் சிவப்பாகி, பைன் மரங்கள் நெருங்கி வந்து சாலையை இருட்டாக்கின. தூறல் ஆரம்பித்தது.

"அந்தப் பேப்பர்ல என்னதான் இருக்கு?" என்று சுகந்தி கேட்டாள்.

"எடுத்துப் பாரு."

பின்சீட்டிலிருந்து உறையை எடுத்துப் படித்தாள். எனக்கு அது மனப்பாடம். எழுத்தர் நாலைந்து வரிதான் எழுதியிருந்தார். 10.40க்கு இரண்டு முறை பாடியாயிற்று, சிரிப்பு போதவில்லை. 11.05க்குக் கணவர் பெயருக்குத் தந்தி வந்தது. அவர் படித்தார். பாட்டு முடியும்வரை மனைவியிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். 11.20க்கு மூன்றாவது பதிவு, மிக நன்றாக அமைந்தது. 11.35க்கு மனைவியிடம் சொல்லப்பட்டது. மீதிப் பாட்டுகள் ரத்து.

சுகந்தி காகிதத்தை மடித்து மறுபடி உறைக்குள் வைத்தாள். அடுத்த இருபது மைல் ஒன்றும் பேசவில்லை.

அவள் ஏன் பேசவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதம், அவளுக்கு நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனையில் ரெசிடென்சி இன்டர்வியூ. இந்தியாவில் படித்த மருத்துவர் இங்கே வேலை பார்க்க அந்தப் பயிற்சி இடம் கிடைத்தாக வேண்டும். நாலு வருஷம் பரீட்சை எழுதி, இரண்டு வருஷம் எந்த அழைப்பும் வராமல் இருந்து, வந்த ஒரே அழைப்பு. அன்று காலை 5.50க்குத் திண்டுக்கல்லிலிருந்து அவள் அண்ணன் என் போனில் கூப்பிட்டார். அப்பா போய்விட்டார் என்றார். சுகந்தி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். நான் அவளிடம் சொல்லவில்லை. இட்லி எடுத்து வைத்தேன். காரில் கூட்டிக்கொண்டு போனேன். மருத்துவமனைப் பார்க்கிங்கில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மணிக்குச் சிரித்துக்கொண்டே வந்து காரில் ஏறியவளிடம் சொன்னேன்.

இடம் கிடைத்தது. இன்று அவள் மருத்துவராக இருப்பது அந்த இன்டர்வியூவால்தான். மூன்றாம் நாள் நாங்கள் திண்டுக்கல் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவள் அண்ணன் கூடத்தில் சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "இன்டர்வியூ முடிச்சுட்டுத்தான் வந்திருக்கா" என்றார்.

டைலர் தாண்டியதும் நான்தான் பேச்செடுத்தேன்.

"எண்பத்தெட்டு வயசு. அப்பான்னா அந்தம்மாவுக்கு உசுராம், லெட்டர்ல எழுதியிருக்கு. தந்தி பாட்டுக்கு அப்புறம்தான் வந்துச்சுன்னு மட்டும் சொல்லிட்டா என்ன? அம்மா மேல தப்பில்லன்னு ஆயிடும். அப்பா பேரும் கெடாது."

சுகந்தி என் பக்கம் திரும்பினாள்.

"திரும்பவுமா?"

அந்த ஒரு வார்த்தைதான்.

11.15க்கு பெல் கிராஸிங். ஊர் எல்லையில் பெரிய பலகை. அதில் பல்லைக் காட்டும் ஒரு கோவேறு கழுதையின் படம். கீழே, "சிரிப்பு பிறந்த ஊர்" என்று எழுதியிருந்தது. கடைத்தெரு என்பது பன்னிரண்டு கட்டடங்கள். அதில் பாதி பலகை அடித்து மூடியவை. திறந்திருந்த ஒரு பார்பிக்யூ கடையில் சாப்பிட்டோம். ஒரு தட்டு 16.95. சுகந்தி இறைச்சி சாப்பிட மாட்டாள் என்பதால் அவளுக்கு உருளைக்கிழங்கும் சோளமும். கடையில் அந்தப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருந்தது, யாரோ புதிய பாடகர் பாடியது. பிடில் நின்ற நொடியில் பக்கத்து மேசையில் இருந்தவர்கள் முள்கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி, சிரிப்பு வந்ததும் மேசையைத் தட்டினார்கள். வருஷா வருஷம் வசந்த காலத்தில் இங்கே சிரிப்புப் போட்டி நடக்குமாம்.

பரிமாறிய பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நாங்கள் எதற்கு வந்திருக்கிறோம் என்று கேட்டாள். லோட்டியின் பெயரைச் சொன்னதும் அவள் முகம் மலர்ந்தது.

"அவங்க கதை தெரியுமா உங்களுக்கு? அன்னைக்குத்தான் அவங்க குழந்தை செத்துப்போச்சு. தந்தி கையில இருக்கும்போதே பாடினாங்க. பாடி முடிச்சுட்டுத்தான் அழுதாங்களாம். எப்பேர்ப்பட்ட மனசு!" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் டி-ஷர்ட்கள் தொங்கின. கழுதை படத்துக்குக் கீழே, "என்ன நடந்தாலும் பாடு" என்று அச்சடித்திருந்தது. ஒன்று 22 டாலர்.

ஒரு காலத்தில் வசையாக இருந்தது இப்போது பாராட்டாகிவிட்டது. பொய் மட்டும் மாறவில்லை. சுகந்தி பாதிச் சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்தாள்.

வில்மாவின் வீடு ஊரிலிருந்து மூன்று மைல் தள்ளி, சர்ச்சுக்கு எதிரே. மரவீடு. படியில் சக்கர நாற்காலிக்கான சரிவுப் பலகை. கதவு திறந்தே இருந்தது. வில்மா மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, கணுக்கால்கள் மட்டும் வீங்கியிருந்தன. சுகந்தியின் பார்வை முதலில் அங்கேதான் போனது.

"நியூ ஜெர்சியிலிருந்து நிஜமாவே வந்துட்டீங்களா!" என்றார். அவர் பேசியதைத் தமிழில் தருகிறேன். "எங்க அப்பா அம்மாவும் அங்கதான் போனாங்க. அப்புறம் அம்மா இந்தக் கவுன்டியைத் தாண்டவே இல்லை."

காபி இருக்கிறது, ஊற்றிக்கொள்ளுங்கள் என்றார். நான் ஊற்றவில்லை. சுவரில் ஒரு புகைப்படம். பிடிலோடு நிற்கும் உயரமான மனிதர், சிரித்த முகம். லோட்டியின் படம் எதுவும் கண்ணில் படவில்லை.

"அம்மா படம் எடுக்க விடமாட்டாங்க," என்றார் வில்மா, நான் தேடுவதைப் புரிந்துகொண்டு. "சொல்லுங்க. முன்னாடியா, பின்னாடியா?"

நான் உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பாதி வழியில் யோசித்து வைத்த வாக்கியம் நாக்கு நுனியில்தான் இருந்தது. சுகந்தி என் பக்கம் பார்க்கவே இல்லை. காகிதத்தை எடுத்து, எழுத்தர் எழுதியதை எழுதியபடியே ஒவ்வொரு வரியாகப் படித்தேன்.

வில்மா இரண்டாவது முறை படிக்கச் சொன்னார். பிறகு காகிதத்தை வாங்கி, மேசையிலிருந்த பூதக்கண்ணாடியை வைத்து 11.05 என்ற இடத்தில் நெடுநேரம் பார்த்தார்.

"அந்தப் பெட்டியைப் போடு, ஹனி," என்று சுகந்தியிடம் சொன்னார். ஜன்னலோரம் ஒரு பழைய இசைத்தட்டுப் பெட்டி இருந்தது. தட்டு ஏற்கெனவே அதன் மேல்தான் இருந்தது. சுகந்தி ஊசியை வைத்தாள். கரகரப்புக்கு நடுவில் பிடிலும் லோட்டியின் குரலும் வந்தன. கழுதை பாலத்துக்கு வந்தது. நடுப்பாலம். பிடில் நின்றது.

லோட்டி சிரித்தார்.

"நிறுத்து," என்றார் வில்மா. மூச்சு வாங்கியது. சுகந்தி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, குழாயைச் சரிசெய்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அப்பா ஒரு நாளும் ஒரு தாளம் தப்பினதில்லை. ராத்திரி முழுக்க டான்ஸுக்கு வாசிப்பார், கை நிக்காது. இந்த இடத்துல மட்டும் ஏன் நின்னுச்சுன்னு சின்ன வயசுல கேட்டேன். வேடிக்கைக்காகன்னு சொன்னார்." சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "கை ஓடலை. அவ்வளவுதான். அம்மா அதை விளையாட்டுன்னு நினைச்சுச் சிரிச்சிருக்கா."

இரண்டு முறை வராத சிரிப்பு மூன்றாவது முறை எப்படி வந்தது என்று அப்போதுதான் எனக்கும் புரிந்தது.

"ஊர் திரும்ப அன்னைக்குச் சாயங்காலம்தான் ரயில் இருந்திருக்கும்," என்று நான் மெல்லச் சொன்னேன். "முன்னாடியே சொல்லியிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுன்னு நினைச்சிருப்பார். இன்னும் அரை மணி நேரம் அவங்க நிம்மதியா இருக்கட்டும்னுகூட நினைச்சிருக்கலாம்." யாருக்காகப் பேசுகிறேன் என்று எனக்கே தெரிந்தது.

வில்மா சுகந்தியைக் கேட்டார். "நீ டாக்டர். எத்தனையோ பேர்கிட்ட இந்த மாதிரிச் சேதி சொல்லியிருப்பே. அம்மா இடத்துல நீ இருந்தா?"

"எனக்குத் தெரிஞ்சிருக்கணும்," என்றாள் சுகந்தி. "தெரிஞ்சும் நான் போயிருக்கலாம். போகாமலும் இருந்திருக்கலாம். அதை நான் முடிவு பண்ணியிருக்கணும்."

பதினோரு வருஷத்தில் அவள் இதை என்னிடம் சொன்னதில்லை. அங்கேயும் என்னிடம் சொல்லவில்லை.

வில்மா தலையை ஆட்டினார். "அந்த அரை மணி நேரத்துக்கு நான் அப்பாவை மன்னிச்சிடுவேன். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே. ஆனா அதுக்கப்புறம் நாற்பது வருஷம்? சர்ச்சுல அம்மா உட்கார்ந்தா பக்கத்துல இருக்கிறவங்க எழுந்து வேற இடத்துக்குப் போவாங்க. அப்பா அம்மா பக்கத்துலயே உட்கார்ந்திருப்பார். ஒரே ஒரு தடவை எழுந்து நின்னு, அவளுக்குத் தெரியாது, எனக்குத்தான் தெரியும்னு சொல்லியிருந்தா போதுமே. எல்லாரும் அவரை நல்லவர்னு சொன்னாங்க. நானும் சொன்னேன்."

திண்டுக்கல் கூடத்தில் சுகந்தியின் அண்ணன் அந்த வார்த்தையைச் சொன்னபோது நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அவள் அம்மா அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுகந்தி என்னைப் பார்த்தாள். துக்க வீட்டில் எதற்கு என்று நான் தரையைப் பார்த்தேன். அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த அப்புறம் வரவே இல்லை. மாப்பிள்ளை தங்கமானவர் என்றுதான் அந்த வீட்டில் இன்றைக்கும் என் பெயர்.

"இதை என்ன செய்யப் போறீங்க?" என்று வில்மாவைக் கேட்டேன்.

"நாளைக்கு சர்ச்சுல படிக்கச் சொல்லுவேன். மொத்தம் பதினோரு பேர் வருவாங்க. அம்மாவைப் பேசினவங்க எல்லாரும் பின்னாடி கல்லறையில இருக்காங்க. அப்பாவும் அங்கதான் இருக்கார். அவர் பக்கத்துலதான் எனக்கும் இடம் வாங்கி வச்சிருக்கு." பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். "இருந்தாலும் படிக்கணும்."

கிளம்பும்போது சுகந்தி கால் வீக்கத்தைப் பற்றிச் சொல்லி, திங்கட்கிழமையே டாக்டரைப் பாருங்கள் என்றாள். வில்மா சரி என்றார். போகமாட்டார் என்று தெரிந்தது. ஊசி எடுத்த தட்டு இன்னும் பெட்டியின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

திரும்பும் வழியில் மழை வலுத்தது. 131 மைலுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் நான், "சுகந்தி," என்று ஆரம்பித்தேன்.

"என்கிட்ட சொல்ல வேண்டாம்," என்றாள். "எனக்குத் தெரியும். தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

ஞாயிறு காலை 9.30. டல்லாஸ் விமான நிலையம். எங்கள் விமானம் ஏற இன்னும் ஐம்பது நிமிடம். திண்டுக்கல்லில் இரவு ஒன்பது மணி. மச்சான் சாப்பிட்டு முடித்திருப்பார். சுகந்திக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துதான் கூப்பிட்டேன்.

"என்ன மாப்ள, இந்நேரத்துல? எல்லாரும் நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கோம் மச்சான். மாமா இறந்த அன்னிக்கு நீங்க எனக்கு போன் பண்ணீங்கள்ல. அப்ப இங்க காலையில ஆறு மணி. நான் சுகந்திகிட்ட சொல்லல. மத்தியானம் இன்டர்வியூ முடிஞ்சு வெளிய வந்தப்புறம்தான் சொன்னேன். அவளுக்கு ஒண்ணுமே தெரியாது மச்சான். தெரிஞ்சு போகல."

எதிர்முனையில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. யாரோ அதை அணைத்தார்கள்.

"இதை ஏன் மாப்ள அன்னிக்கே சொல்லல?"

"தப்புதான்."

"நான் அத்தனை பேர் முன்னாடி அவளை அப்படிச் சொன்னப்ப நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமா."

லைன் போய்விட்டதோ என்று திரையைப் பார்த்தேன். பிறகு குரல் வந்தது. "அம்மா கடைசி வரைக்கும் அவகூட முகம் குடுத்துப் பேசலையே மாப்ள. ஆஸ்பத்திரியில அவ பக்கத்துல உக்காந்திருந்தப்பகூடச் சுவத்தப் பாத்துத்தான் படுத்திருந்துச்சு." மாமியார் இறந்து மூன்று வருஷம் ஆகிறது. "அவகிட்ட குடுங்க."

போனை நீட்டினேன். சுகந்தி அதை வாங்கிக்கொண்டு கண்ணாடிச் சுவர் வரை நடந்தாள். அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே ஈர ஓடுதளத்தில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வண்டிகள் போயின. எங்கள் வரிசையைக் கூப்பிட்டார்கள். அதற்குப் பிறகும் அவள் வரவில்லை. கடைசி ஆளாகத்தான் வந்தாள்.

"என்ன சொன்னார்?"

"அழறான்."

எங்களுக்கு இருபத்திரண்டாம் வரிசை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டாள். விமானம் மேகத்துக்குள் ஏறி, டெக்சாஸ் மறைந்தது. பயணம் முடிந்து ஊர் திரும்பும்போது, போன இடத்தையும் சொந்த ஊரையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுவது வழக்கம். பெல் கிராஸிங்கில் இந்நேரம் அந்தப் பதினோரு பேர் முன்னால் யாரோ அந்தக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருப்பார்கள். அங்கே தொண்ணூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, எங்களுக்குப் பதினொன்று. அந்தக் கணக்கில் எனக்கு ஓர் ஆறுதல் கிடைக்கும் என்று நினைத்தேன்.

விமானம் நூவர்க்கில் இறங்கியது. சக்கரம் தரையைத் தொட்டதும், சுகந்தி ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்க. அம்மாகிட்ட யார் சொல்றது?"